தாயகம் நடுங்கியபோது

சென்னையின் ஜார்ஜ் டவுன் பகுதியில், செவ்வாய்க்கிழமைதோறும் புனித அந்தோணியாரின் பரிந்துரையை நாடி மக்கள் திரண்டு வரும் தெருவுக்கு 'அரண்மனைக்காரன் தெரு' என்று பெயர். அப்பெயருக்கும் அரண்மனைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆர்மீனிய வணிகர்கள் அங்கு வாழ்ந்தமையால் ஆங்கிலேயர் இட்ட பெயரை, நம் மக்களின் நாவு தனக்குப் பழகிய சொல்லாக மாற்றிக்கொண்டது. 1772-இல் எழுப்பப்பட்ட ஆர்மீனியர் ஆலயம் அத்தெருவில் இன்றும் நிற்கிறது. முற்றத்தில் கல்லறைக் கற்கள் இருக்கின்றன. மணிக்கூண்டில் மணிகள் இருக்கின்றன. வழிபட வரும் ஆர்மீனியர்தாம் ஏறத்தாழ இல்லை.

பரங்கிமலையில் திருத்தூதர் தோமாவின் திருத்தலத்துக்குப் படியேறிச் சென்றவர் எவரும் ஆர்மீனியர் ஒருவருக்குக் கடன்பட்டவரே. அக்கற்படிகளை அமைத்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். 1726-இல் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் பாலம் கட்டியவரும் அவரே. 1751-இல் சென்னையிலேயே இறந்தார். அவருடைய விருப்பப்படி அவர் இதயம் மட்டும் தனியே எடுக்கப்பட்டு, பாரசீக நாட்டில் அவர் பிறந்த ஜூல்பாவுக்கு அனுப்பப்பட்டதாகச் சென்னையின் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். உடல் உழைத்த மண்ணுக்கு. இதயம் பிறந்த மண்ணுக்கு. அந்த ஜூல்பாவும் ஆர்மீனியரின் மூத்த தாயகம் அன்று என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஆர்மீனியரை அவர்தம் மண்ணிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து, இஸ்பஹான் நகருக்கு அருகே குடியமர்த்திய ஊர் அது.

நாடற்ற இம்மக்கள் நாட்டை மறக்கவில்லை. ஆர்மீனிய மொழியில் உலகிலேயே முதன்முதலாக வெளிவந்த இதழ், 1794-இல் சென்னையில், ஹாருத்யூன் ஷ்மவோனியன் என்னும் குருவானவரால் அச்சிடப்பட்டது. வருங்காலத்தில் அமையவேண்டிய ஆர்மீனிய நாட்டுக்கு ஓர் அரசியல் சட்டத்தையே வரைந்து, அதனைச் சென்னையில் அச்சிட்டனர் ஷாஹமீரியன் குடும்பத்தார். அரசும் இல்லை, எல்லையும் இல்லை. ஆயினும் சட்டம் இருந்தது.

இத்தகைய ஒரு மக்களினம், தன் தாயகத்தைப் பேரிடர் தாக்கியபோது என்ன செய்தது? எதற்காகச் செய்தது? செய்தது எங்கே குறைவுற்றது, எங்கே நிறைவுற்றது? 1988-ஆம் ஆண்டு ஆர்மீனியாவில் நேர்ந்த நிலநடுக்கத்தின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தருகிறது. வீட்டுக்கொருவர் வெளிநாட்டில் இருக்கும் பங்குகளில் வாழும் நமக்கும் அவ்விடையில் பங்குண்டு.

சிதறிய மக்கள்

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புனித கிரகோரியாரின் போதனையால், உலகில் முதன்முதலாகக் கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்றுக்கொண்ட நாடு ஆர்மீனியா என்பதை நாமறிவோம். பேரரசுகளுக்கு நடுவே அமைந்த அந்நாடு, தன் வரலாற்றில் பெரும்பகுதியை அந்நியர் ஆட்சியிலேயே கழித்தது. 1915-இல் தொடங்கி ஒட்டோமன் ஆட்சியில் நிகழ்ந்த படுகொலைகளிலும் நாடுகடத்தலிலும் ஆர்மீனியர் பத்து இலட்சம் பேர், அதற்கும் மேலாகவே, மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. 2015 ஏப்ரல் 12 அன்று புனித பேதுரு பேராலயத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அதனை இனப்படுகொலை என்றே குறிப்பிட்டார். உயிர் தப்பியோர் சிரியாவிலும் லெபனோனிலும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் சிதறி வாழலாயினர்.

இவ்விடத்தில் ஒன்றை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இவ்வாறு சிதறியவர்களுள் பெரும்பாலோரின் மூதாதையர் ஊர்கள் இன்றைய துருக்கியில் உள்ளவை. பின்னாளில் சோவியத் ஒன்றியத்தின் குடியரசாக விளங்கிய ஆர்மீனியாவோ, பழைய நாட்டின் கிழக்குத் துண்டு. அங்கே பேசப்படும் ஆர்மீனியமும், பெய்ரூட்டிலும் பாரிசிலும் பேசப்பட்ட ஆர்மீனியமும் வெவ்வேறு வழக்குகள். பெய்ரூட் ஆர்மீனியர் ஒருவருக்கு அக்குடியரசு, பாட்டனார் பிறந்த ஊரும் அன்று, தாம் பிறந்த ஊரும் அன்று. ஆயினும் எஞ்சியிருந்த ஒரே தாயகம் அதுவே.

அத்தாயகத்தோடு உறவும் இனிதாக இருக்கவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1946 முதல் 1948 வரை, சோவியத் அரசின் அழைப்பை நம்பி ஏறத்தாழ 90,000 ஆர்மீனியர் பல நாடுகளிலிருந்தும் 'வீடு திரும்பினர்'. வந்தவர்களை வறுமையும் ஐயமும் வரவேற்றன. 1949-இல் அவர்களுள் பலர் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். புலம்பெயர்ந்தோர் இதனால் இரு கூறாயினர். சோவியத் ஆர்மீனியாவைத் தாயகமாக ஏற்றோர் ஒருபுறம்; அதனை அடிமை நாடெனக் கருதியோர் மறுபுறம். 1956-க்குப் பின் இப்பிளவு திருச்சபைக்குள்ளும் ஆழமாகப் புகுந்தது. ஒரே நகரில் இரண்டு ஆர்மீனிய ஆலயங்கள். ஒன்று எச்மியாட்சின் தலைமைக்கும் மற்றொன்று லெபனோனின் அந்தெலியாஸ் தலைமைக்கும் உட்பட்டவை. அமெரிக்க நகரங்களில் ஒரே இனத்தார், ஒரே திருவழிபாட்டை நடத்துவோர், ஒருவர் ஆலயத்துக்குள் மற்றவர் காலடி வைக்காமல் ஒரு தலைமுறைக்காலம் வாழ்ந்தனர்.

டிசம்பர் 7

1988 டிசம்பர் 7, புதன்கிழமை. முற்பகல் 11 மணி 41 நிமிடம். வட ஆர்மீனியாவில் 6.8 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. நான்கு நிமிடங்களில் வலிய பின்னதிர்வு ஒன்றும் தொடர்ந்தது. ஸ்பிடாக் என்னும் நகரம் முற்றாக அழிந்தது. நாட்டின் இரண்டாவது பெருநகரான லெனினாகான் பேரழிவைக் கண்டது. கிரோவாகானும் சுற்றுப்புறச் சிற்றூர்களும் சிதைந்தன. பிள்ளைகள் பள்ளிகளிலும், பெற்றோர் ஆலைகளிலும் இருந்த நேரம் அது. இறந்தோர் 25,000 பேர் என்பது அதிகாரப்பூர்வமான கணக்கு. அதனினும் மிகுதி என்போரும் உளர். ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் கடுங்குளிரில் வீடிழந்து நின்றனர்.

நிலம் நடுங்கியது இயற்கையின் செயல். இத்தனை பேர் மாண்டது அதனால் மட்டுமன்று. அவ்வட்டாரத்தின் நிலநடுக்க அபாயம் குறைவாகவே மதிப்பிடப்பட்டிருந்தது. லெனினாகானில், முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் தூண்களையும் உத்தரங்களையும் பொருத்தி எழுப்பிய ஒன்பது மாடிக் குடியிருப்புகளுள் பெரும்பாலானவை சரிந்தன. அதே நகரில், பெரிய கான்கிரீட் சுவர்ப்பலகைகளால் கட்டப்பட்ட கட்டடங்களோ தாங்கி நின்றன. கட்டியவர்களின் கவனமின்மையும் கண்காணித்தவர்களின் மௌனமும் இடிபாடுகளோடு இடிபாடாகக் கிடந்தன.

இந்த லெனினாகானுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. முன்னர் அலெக்சாந்தரபோல் என வழங்கிய அந்நகரில்தான், 1920-களில், படுகொலைகளிலிருந்து தப்பிய 20,000-க்கும் மேற்பட்ட அநாதைக் குழந்தைகளை அமெரிக்க மக்களின் நன்கொடை காப்பாற்றியது. 'அநாதைகளின் நகரம்' என்றே அது அழைக்கப்பட்டது. அந்த நகரமே இப்போது மீண்டும் அநாதைகளை ஈன்றது.

அன்று சோவியத் தலைவர் கோர்பச்சேவ் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் உரையாற்றிக்கொண்டிருந்தார். பயணத்தைப் பாதியில் நிறுத்தி நாடு திரும்பினார். அதனினும் வியப்பு, அவருடைய அரசு உலகத்தின் உதவிக்குக் கதவைத் திறந்ததாகும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் மேலைநாடுகளின் உதவியை இத்துணைப் பெரிய அளவில் சோவியத் ஒன்றியம் ஏற்றது அதுவே முதன்முறை. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உதவின. உதவச் சென்றோரும் உயிரிழந்தனர். டிசம்பர் 11 அன்று மீட்புப் பணிக்கெனப் படைவீரரை ஏற்றிச் சென்ற சோவியத் விமானம் லெனினாகான் அருகே விழுந்ததில் 78 பேர் இறந்தனர். மறுநாள் மருந்துகளுடன் வந்த யூகோஸ்லாவிய விமானம் எரவான் அருகே விழுந்து அதிலிருந்த ஏழு பேரும் மாண்டனர்.

இதயம் அனுப்பியவர்கள்

திறந்த கதவின் வழியே முதலில் நுழைந்தவர்களுள் புலம்பெயர்ந்த ஆர்மீனியரும் இருந்தனர். பாரிசிலும் மார்செய்யிலும், பாஸ்டனிலும் லாஸ் ஏஞ்சலசிலும் ஆலயங்களும் சங்கக் கட்டடங்களும் பள்ளிகளும் ஒரே இரவில் பண்டகசாலைகளாயின. உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்த லெபனோனின் ஆர்மீனியரும் தங்கள் பங்கை அனுப்பினர். மருத்துவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும், தாம் படங்களில் மட்டுமே கண்டிருந்த ஆரராத் மலை தெரியும் நாட்டில் முதன்முறையாகக் கால்வைத்தனர்.

பாரிசில் பிறந்த பாடகர் ஷார்ல் அஸ்னவூர் உலகப் புகழ் பெற்றவர். அகதிகளாக வந்த ஆர்மீனியப் பெற்றோரின் மகன். நிலநடுக்கத்தையடுத்து அவர் பிரெஞ்சுக் கலைஞர்கள் எண்பதுக்கும் மேற்பட்டோரை ஒன்றுதிரட்டி, ஆர்மீனியாவுக்காக ஒரு பாடலை 1989-இல் வெளியிட்டார். இசைத்தட்டு பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. வருவாய் துயருற்றோருக்குச் சென்றது. அவர் நிறுவிய அறநிறுவனமும் தொடர்ந்து உதவியது. 2018-இல் அவர் இறந்தபோது ஆர்மீனியா தன் மகனை இழந்ததாகவே துக்கம் காத்தது.

பணத்தினும் பெரிய கொடை ஒன்றும் அப்போது பிறந்தது. 1989-இல் அமெரிக்காவில் 'ஐக்கிய ஆர்மீனிய நிதி' உருவாயிற்று. தொழிலதிபர் கிர்க் கெர்கோரியனின் அறநிறுவனத்தோடு, எச்மியாட்சினைச் சார்ந்த மறைமாவட்டமும், அந்தெலியாசைச் சார்ந்த மறைமாவட்டமும், ஆர்மீனியப் பிராட்டஸ்டன்ட் சபையாரின் மறைபரப்புச் சங்கமும், ஒருவரோடொருவர் பேசாதிருந்த பொதுநல அமைப்புகளும் அதில் உறுப்பினராக இணைந்தனர். ஒரே மேசையைச் சுற்றி அமராதவர்கள் ஒரே விமானத்தில் பொருள்களை ஏற்றினர். பிளவு முற்றாக நீங்கியது என்று கூற இயலாது; இரு தலைமைகளும் இன்றும் உள்ளன. ஆனால் 1995-இல், அந்தெலியாசின் கத்தோலிக்கோசாக விளங்கிய இரண்டாம் கரெகினே எச்மியாட்சினின் கத்தோலிக்கோசாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதை எண்ணும்போது, இடிபாடுகளின் மீது ஒரு பாலமும் கட்டப்பட்டது என்று நாம் நம்பலாம்.

அனுப்பியது அனைத்தும் உதவியதா?

உண்மையை மறைத்து எழுதும் வரலாறு அறத்துக்குத் துணைபுரியாது. உலகெங்கிலுமிருந்து ஆர்மீனியாவுக்கு வந்து குவிந்த மருந்துகளும் மருத்துவப் பொருள்களும் குறைந்தது 5,000 டன். அவை இன்னவை என்று பிரித்தறியவே 50 பேருக்கு ஆறு மாதங்கள் தேவைப்பட்டன. 8 விழுக்காடு காலாவதியாகி வந்தவை. 4 விழுக்காடு உறைபனியில் கெட்டவை. எஞ்சியவற்றிலும் எளிதில் அடையாளம் காணத்தக்கவை 30 விழுக்காடே. நெருக்கடி நேரத்துக்கு ஏற்றவை பாதிக்கும் குறைவே. மருந்துறைகளின் மேல் எழுதியிருந்த மொழிகள் பல. படிக்கத் தெரிந்தவர் சிலர். இவ்வனுபவமும் இதுபோன்ற பிறவும் சேர்ந்தே, மருந்து நன்கொடைக்கான நெறிமுறைகளை உலக நலவாழ்வு நிறுவனம் 1996-இல் வெளியிடக் காரணமாயின.

இங்கே பிழை இரக்கத்தில் இல்லை. கொடுப்பவர் தம் கையில் இருப்பதைப் பார்த்தார். பெறுபவருக்கு வேண்டியதைக் கேட்கவில்லை. கண்ணீர் கண்ணை மறைத்தது எனலாம்.

அதனினும் பெரிய சோதனை காலத்தின் வடிவில் வந்தது. இரண்டே ஆண்டுகளில் நகரங்களைக் கட்டியெழுப்புவோம் என்று சோவியத் அரசு உறுதி கூறியது. ஆனால் கரபாக் பிணக்கினால் 1989-இல் அசர்பைஜான் இருப்புப்பாதையை அடைத்தது. பாதுகாப்பைக் கருதி நாட்டின் அணுமின் நிலையமும் அவ்வாண்டே மூடப்பட்டது. 1991-இல் சோவியத் ஒன்றியமே இல்லாமற்போயிற்று. பாதி எழும்பிய கட்டடங்களைவிட்டுப் பிற குடியரசுகளின் தொழிலாளர் தத்தம் நாடு திரும்பினர். கரபாக் போர் மூண்டது. 1992 முதல் 1995 வரை மின்சாரமும் வெப்பமும் இல்லாத குளிர்காலங்களில், மக்கள் மேசை நாற்காலிகளை எரித்துக் குளிர்காய்ந்தனர்.

நிலநடுக்கத்தில் வீடிழந்தோருக்குத் தற்காலிகமாகத் தரப்பட்ட தகர, மரப் பெட்டி வீடுகளை அங்கே 'தோமிக்' என்பார்கள். ரஷ்ய மொழியில் 'சிறு வீடு' என்று பொருள். இரண்டு ஆண்டுகளுக்கென வந்த அவ்வீடுகளில் குடும்பங்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்தன. அங்கே பிறந்த குழந்தைகள் அங்கேயே மணமுடித்துத் தம் குழந்தைகளையும் பெற்றனர். கியூம்ரி என்று மறுபெயர் பெற்ற லெனினாகானின் மக்கள்தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இறந்தவர்கள் போக எஞ்சியவர்களுள் எண்ணற்றோர் ரஷ்யாவுக்கும் பிற நாடுகளுக்கும் பிழைக்கச் சென்றனர். புலம்பெயர்ந்தோர் காக்க விரும்பிய நகரமே புதிதாகப் புலம்பெயர்ந்தோரை உருவாக்கியது.

முதல் வாரத்தில் உலகமே அங்கிருந்தது. பத்தாம் ஆண்டில் யார் இருந்தார்?

சிலர் இருந்தனர். கலிபோர்னியாவிலிருந்து சென்ற, ஆர்மீனியம் பேசும் மனநல மருத்துவர்கள், பெற்றோரையும் உடன்பயின்றோரையும் இழந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவம் செய்தனர். அதே பிள்ளைகள் வளர்ந்து நடுவயதை நெருங்கும்வரை, கால் நூற்றாண்டுக்காலம் அவர்களை மீண்டும் மீண்டும் சந்தித்து ஆராய்ந்தனர். ஐக்கிய ஆர்மீனிய நிதியின் விமானங்களும் கப்பல்களும் இருண்ட ஆண்டுகளிலும் நிற்கவில்லை. 1992-இல் உலகெங்கும் உள்ள ஆர்மீனியருக்கான பொது நிதியம் எரவானில் நிறுவப்பட்டது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தோமிக்குகளில் வாழ்ந்தோர் பலருக்கு கெர்கோரியனின் அறநிறுவனம் நிலையான வீடுகளைத் தந்தது.

நம் திருச்சபையின் பங்கையும் இங்கே நினைவுகூர்தல் தகும். நிலநடுக்கம் நேர்ந்த அதே மாதத்தில் அன்னை தெரசா அங்கே விரைந்தார். அன்பின் பணியாளர் சபைச் சகோதரிகள் ஸ்பிடாக்கில் தங்கள் இல்லத்தை அமைத்தனர். ஊடகங்கள் வெளியேறிய பின்னும் அவர்கள் வெளியேறவில்லை. கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டர் உயரத்தில், குளிர்காலத்தில் பனி வழியடைக்கும் அஷோத்ஸ்க் என்னும் ஊரில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இத்தாலியக் காரித்தாஸ் வழியாக அளித்த 'மீட்பரின் அன்னை' மருத்துவமனை 1991-இல் திறக்கப்பட்டது. அதை ஏற்று நடத்தியோர் கமில்லஸ் சபைத் துறவியர். நாடு இருளில் மூழ்கிய ஆண்டுகளில் அம்மலைச் சிற்றூர்களுக்கு அதுவே விளக்காயிற்று.

அந்தியோக்கியாவின் அகதிகள்

சிதறுண்ட மக்கள் தாயகத்தின் இடர் கண்டு உதவிய செய்தி திருச்சபைக்குப் புதிதன்று. அது நம் தொடக்கத்திலேயே உள்ளது. ஸ்தேவானின் மறைசாட்சியத்துக்குப் பின் எருசலேமிலிருந்து துரத்தப்பட்டவர்கள் அந்தியோக்கியா வரை சிதறினர். அவர்களால் உருவானதே அந்நகரின் திருச்சபை என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. கிலவுதியு பேரரசன் காலத்தில் பஞ்சம் வருமென அகபு முன்னறிவித்தபோது, அந்த அந்தியோக்கியர் யூதேயாவில் வாழ்ந்த சகோதரருக்கு உதவி திரட்டி, பர்னபா, சவுல் ஆகியோரின் கையில் கொடுத்தனுப்பினர். தங்களைத் துரத்திய நகருக்கே அகதிகள் கொடையனுப்பினர்! இதனை நாம் எத்தனை முறை வாசித்தும் கவனியாது கடந்து சென்றிருக்கிறோம்!

பின்னர் திருத்தூதர் பவுல், எருசலேமின் ஏழைகளுக்கெனத் தாம் நிறுவிய சபைகளிலெல்லாம் நிதி திரட்டினார். கொடுத்தவர்களுள் பெரும்பாலோர் எருசலேமைக் கண்டதேயில்லை, பெய்ரூட்டின் ஆர்மீனியர் லெனினாகானைக் காணாதது போல. எனினும் உரோமையருக்கு எழுதுகையில், அதனை அவர் பிச்சையாகக் காட்டவில்லை; ஆவிக்குரிய நலன்களைப் பெற்றவர்கள் செலுத்தும் கடன் என்றே விளக்குகிறார். தாயகத்திலிருந்து பெற்றுக்கொண்ட மொழியும் நம்பிக்கையும் பெயரும் ஒருவனைக் கடனாளியாக்குகின்றன. அவன் பிறந்த இடம் எதுவாயினும் ஆகுக.

கொரிந்தியருக்கு அவர் கூறும் அறிவுரை இன்னும் கூர்மையானது. அவர்கள் முந்தைய ஆண்டே ஆர்வத்தோடு தொடங்கிவிட்டனர், பின்பு தளர்ந்தனர். தொடங்கியதை இப்போது செய்து முடியுங்கள், விருப்பத்தில் இருந்த ஆர்வம் நிறைவேற்றத்திலும் இருக்கட்டும் என்பதே அவர்தம் இரண்டாம் திருமுகத்தில் காணும் வேண்டுகோளின் சாரம். வாரத்தின் முதல் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்குமாறு முன்னரே கேட்டிருந்தார். நிதியைக் கொண்டுசெல்லச் சபைகளே தேர்ந்த ஆட்களையும் உடன் சேர்த்துக்கொண்டார், ஒருவரும் குறை கூறாதிருக்கும் பொருட்டு. உணர்ச்சியில் தொடங்கும் கொடைக்கு ஒழுங்கும், கணக்கும், காலமும் தேவை என்பதை நன்கு அறிந்திருந்தார் அவர்.

ஆகவே, தொலைவில் வாழ்வோரின் கொடை முதல் வாரத்தில் பிறக்கிறது. ஆனால் பல்லாண்டுகளின் உண்மையிலேயே நிறைவுறுகிறது. ஆர்மீனியரின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே.

நிறைவுற்ற கொடையின் அடையாளம் எது? பெற்றவர் கொடுப்பவராக மாறுவதே. இன்று ஒருவரிடம் உள்ள மிகுதி மற்றவரின் குறையை நிறைக்கவும், நாளை அவரது மிகுதி இவரது குறையை நிறைக்கவும் வேண்டும் என்று பவுல் விரும்பியதும் அதுவே. 2023 பிப்ரவரியில் துருக்கியையும் சிரியாவையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ஆர்மீனியா தன் மீட்புக் குழுக்களை இரு நாடுகளுக்கும் அனுப்பியது. பிப்ரவரி 11 அன்று, முப்பது ஆண்டுகளாக மூடிக்கிடந்த ஆர்மீனிய-துருக்கி எல்லையின் மார்கரா பாலம், நிவாரணப் பொருள்களை ஏற்றிய ஆர்மீனிய வாகனங்களுக்காகத் திறந்தது. எந்த மண்ணிலிருந்து அவர்களின் முன்னோர் துரத்தப்பட்டார்களோ, அந்த மண்ணின் துயருக்கு அவ்வாகனங்கள் சென்றன. அரசியல் பிணக்கு அதனால் தீர்ந்துவிடவில்லை. எனினும் அந்தியோக்கியரின் வழியில் சென்ற வாகனங்கள் அவை.

நம் கரையில்

2004 டிசம்பர் 26-ஐ நாம் மறக்க இயலாது. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினத்திலும், குளச்சலிலும் கீழ மணக்குடியிலும், ஈழத்தின் முல்லைத்தீவுக் கரையிலும் கடல் ஏறி வந்தது. வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருந்த நம்மவர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் அந்நாளைக் கழித்தனர். கையிலிருந்ததை அனுப்பினர். அவர்களின் அன்பை எவரும் குறைவாக மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் கரையோரத்து ஊர்களில் குவிந்து கிடந்த பழந்துணிகளையும் நாம் கண்டோம். அங்கும் கொடுத்தவரின் கை பேசியது, பெறுபவரின் தேவை கேட்கப்படவில்லை.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்கு இம்மடலைக் காட்டும் பெற்றோர் இருப்பின், அவர்களிடம் கூற விரும்புவது சிலவே. அடுத்த இடர் வரும்போது, அனுப்புமுன் கேளுங்கள். பலர் தனித்தனியே அனுப்புவதைவிட, பேசாதிருக்கும் இரு சங்கங்கள் சேர்ந்து அனுப்புவது மேல். அச்சேர்க்கையே ஒரு கொடை. கணக்கைப் பலர் பார்வையில் வையுங்கள். நீங்கள் தரவிருக்கும் தொகையில் ஒரு பகுதியையேனும் மூன்றாம் ஆண்டுக்கென ஒதுக்கி வையுங்கள். தாயை இழந்த பிள்ளைக்குப் பள்ளிக்கட்டணம் அப்போதும் தேவைப்படும். இயலுமாயின் ஒரு குடும்பத்தின், ஒரு பள்ளியின் பெயரை அறிந்துகொண்டு, ஆண்டுதோறும் நலம் விசாரித்து எழுதுங்கள்.

ஊரில் இருப்போருக்கும் ஒரு கடமை உண்டு. பெற்ற உதவியை நினைவில் வைத்து, நம்மினும் எளியோருக்கு இடர் வரும் நாளில் அதனைத் திருப்பிச் செலுத்துதல் வேண்டும். அவர்கள் நம் மொழியினராயினும் அன்றாயினும், நம் சமயத்தவராயினும் அன்றாயினும்.

பரங்கிமலைப் படிகளில் அடுத்த முறை ஏறும்போது, அவற்றை அமைத்த அந்நியரை நினைத்து ஒரு செபம் சொல்வோம். அவருடைய இனத்தார் வாழும் கியூம்ரியில் இன்னும் வீடு கிடைக்காதோர் எவரேனும் இருப்பின், அவர்களையும் அச்செபத்தில் சேர்த்துக்கொள்வோம்.